பீமன் திரும்பாத கதை

உக்காருங்க, உக்காருங்க. யாருக்கும் பிடிச்சு வச்ச சீட் இல்லீங்க, பையத்தான் வச்சிருந்தேன். திருச்சிங்களா? நானும் அங்கதானுங்க. அப்ப சேந்தே போலாம்.

எனக்கா? ஒரு ஜோலியும் இல்லீங்க, சும்மாதான் போறேன். அங்க ஒரு ரோபோ போட்டி நடக்குது. மாநில இறுதிச் சுத்து. எங்க இன்ஜினியரிங் காலேஜ் டீமும் ஆடுது. டீம்னா அஞ்சாறு பசங்க, ஒரு மேடம். காலையிலயே காலேஜ் வேன்ல கிளம்பிட்டாங்க. எனக்கு வேன்ல எடம் இல்லைன்னுட்டாங்க. பன்னெண்டு பேர் உக்கார்ற வேன்ல ஏழு பேர் போறாங்க, எடம் இல்லை. கணக்கு சரியா வரலைல்ல? எனக்கும் வரலை. நான் மெக்கானிக்கல் துறைத் தலைவர் தானுங்களே, கணக்கு வாத்தியாரில்லையே. விட்டுட்டேன்.

அந்த மேடம் யாருன்னு நீங்க கேக்கலை. என் சம்சாரமுங்க. பூங்கோதை. அதே காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட்.

சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு, யார் பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

எங்க காலேஜ்ல ரோபோ டீம்னாலே அது நாந்தானுங்க. வருசா வருசம் நான் டிசைன் பண்ணுவேன், பசங்க செய்வாங்க. ஜெயிச்சிருக்கமான்னு கேட்டீங்கன்னா, கலந்துக்கறதுதானுங்களே முக்கியம். இந்த வருசம் எங்க பிரின்சிபாலுக்குத் திடீர்னு ஒரு ஞானோதயம். "மோட்டாரு, பேட்டரி, புரோகிராம் எல்லாம் இருக்கே சார், எலக்ட்ரானிக்ஸ்ல இருந்தும் ஒருத்தர் சேந்துக்கட்டும்"னு சொல்லி, போயும் போயும் என் வீட்டுலயே ஆளத் தேடிப் பிடிச்சார். எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஒயர் சுத்தறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல. நானே பெருந்தன்மையா, "ஒயரெல்லாம் நீ பாத்துக்கோ பூங்கோதை, வண்டிய நான் பாத்துக்கறேன்"னேன். தெளிவாப் பாகம் பிரிச்சாச்சு. சரிங்களா?

போட்டி என்னன்னு சொல்லிடறேன். ஒரு கூடம் அளவுக்குக் களம். தரையில அங்கங்க பந்து கிடக்கும். ரோபோ கம்பத்தையெல்லாம் சுத்தி வளைஞ்சு போயி, பந்தப் பொறுக்கி, கூடையில போடணும். எதிர் டீம் ரோபோவும் அதே களத்துல ஓடும். அதை இடிச்சுத் தள்ளலாம், தப்பில்லை. விதிமுறைப் புத்தகத்துல 'இடிச்சுத் தள்ளலாம்'ங்கற எடத்துக்கு வந்தேன் பாருங்க, அதுக்கு மேல எனக்கு எதுவும் படிக்கத் தோணலை.

அப்படிப் பொறந்தவந்தான் பீமன். நாந்தான் பேரு வச்சேன். பசங்க என்னமோ இங்கிலீஷ்ல, தும்மல் மாதிரி ஒரு பேரு சொன்னாங்க. பீமன்னா நல்ல நீளம், நல்ல கனம். பக்கத்துக்கு மூணா ஆறு சக்கரம். ஆறுக்கும் முரட்டு ரப்பர் டயர், நான் கோயமுத்தூர் பூரா தேடி வாங்கினது. ஆறு சக்கரமும் ஒரே மட்டம். மட்டப்பலகை வச்சுப் பாத்தா முடி நுழையாது. அழகுன்னா அதுதானுங்க அழகு.

ரிஸ்வானான்னு ஒரு புள்ளை. எலக்ட்ரானிக்ஸ் மூணாம் வருசம். ரிமோட்டப் பிடிச்சு வண்டிய ஓட்டறது அவதான். வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "சார், இது எப்படி சார் திரும்பும்?"னா.

"ஏம்மா, இடது பக்கச் சக்கரமெல்லாம் முன்னால சுத்தும், வலது பக்கச் சக்கரமெல்லாம் பின்னால சுத்தும். நின்ன எடத்துலயே திரும்பிடும். இது கூடத் தெரியாமயா மூணாம் வருசம் வந்தே?"

"அது தெரியும் சார். அப்படித் திரும்பறப்ப முன்சக்கரமும் பின்சக்கரமும் பக்கவாட்டுல தேச்சுக்கிட்டுத்தானே சார் நகரணும்? இவ்வளவு பிடிப்பான டயரு அப்படி வழுக்குமா சார்?"

நான் பதில் சொல்றதுக்குள்ள, எங்கம்மணி ஒயரைக் கீழ வச்சுட்டா. "அவ கேக்கறது சரிதான் சார்"ங்கறா. காலேஜ்ல என்னைச் சார்னுதானுங்க கூப்பிடுவா. "நடுச் சக்கரம் ரெண்டை மட்டும் ஒரு மூணு மில்லிமீட்டர் கீழ இறக்கிட்டா, ஒரு நேரத்துல நாலு சக்கரம்தான் தரையைத் தொடும். வண்டி நீளம் பாதியாக் குறைஞ்ச மாதிரி. லேசாத் திரும்பும்."

"அப்ப வண்டி முன்னாலயும் பின்னாலயும் ஆடுமே மேடம்?"னேன் நான்.

"கொஞ்சம் ஆடும். ஆடினா என்ன சார், திரும்புமே?"

கேட்டுக்கிட்டீங்களா? நான் இத்தனை வருசமா மெஷின் டிசைன் பாடம் எடுக்கறவன். ஆடினா என்னவாம்! "மேடம், அந்த ஒயர் என்னாச்சு?"ன்னேன். பசங்க தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

முடியலீங்க. வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் காபியக் குடுத்துட்டு, "ஏனுங்க, அந்த பீரோவக் கொஞ்சம் சன்னல் பக்கமாத் திருப்பி வைக்கணும்"னா. சரின்னு போயி ஒரு மூலையத் தூக்கினேன். "தூக்கக் கூடாது. நாலு காலும் தரையில இருக்கணும். அப்படியே திருப்புங்க"ங்கறா. நான் என்ன, இதுகூட முடியாதவனா? பிடிச்சுத் தள்ளினேன். அது தரையைக் கீறிக்கிட்டு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, பக்கத்து வீட்டுக்காரர் வெளிய வந்து பாத்தார். பீரோ நின்ன எடத்துலயே நின்னுச்சு. எனக்கு இடுப்புல ஒரு பிடி. அந்தப் பிடிப்பு எனக்கு ஏற்கனவே இருக்கறதுங்க, பீரோவால வந்ததில்லை. அப்புறம் அவ வந்து, ஒரு பக்கம் லேசாச் சாச்சு, ரெண்டு கால்ல நிக்க வச்சு, ஒரு சுத்துச் சுத்தி சன்னல் பக்கம் வச்சுட்டுப் போயிட்டா.

தைலம் தேச்சு விட்டது அவதான். அது வேற விசயம். ஆனா பீரோவுக்கும் ரோபோவுக்கும் என்னங்க சம்பந்தம்? பீரோவுல மோட்டாரா இருக்குது?

எங்க டிபார்ட்மென்ட் வராண்டாவுல பீமனை ஓட்டிப் பாத்தோம். வழவழன்னு கிரானைட் தரை. பம்பரம் மாதிரித் திரும்புனான். "இப்ப என்ன சொல்றீங்க மேடம்?"னேன். "போட்டியில தரைக்குக் கார்ப்பெட் விரிப்பாங்க சார். கிரானைட்டுல வழுக்குது, அதனால திரும்புது. ஒரு துண்டு கார்ப்பெட் வாங்கிப் போட்டு ஓட்டிப் பாப்போம்"ங்கறா. "கார்ப்பெட் விரிக்க நாம என்ன கல்யாண மண்டபமா நடத்தறோம்?"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. அவளுக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் கம்மிதானுங்க.

முதல் சுத்து கோயமுத்தூர்ல. பீமன் நேராப் போனான் பாருங்க, யானை மாதிரி! எதிர்ல வந்ததை ஒரே இடி, அது போயி ஓரத்துல சாஞ்சுது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அப்புறம் திரும்பணும். திரும்பறப்ப தவக்களை மாதிரி துள்ளறான். டடக் டடக்குன்னு எல்லாச் சக்கரமும் குதிக்குது. கால்வாசித் திரும்பறதுக்குள்ள ஆட்டமே பாதி முடிஞ்சுது. எல்லாம் அந்தக் கார்ப்பெட்டுங்க. சொரசொரன்னு ஒரு மட்டமான கார்ப்பெட். நான் நேரா நடுவர்கிட்டயே போயிக் கேட்டேன், "ஏனுங்க, இன்ஜினியரிங் போட்டிக்கு எதுக்குங்க கார்ப்பெட்டு?"ன்னு. அந்தாளு, "விதிமுறைப் புத்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்குங்களே"ன்னார். முதல் பக்கத்தையெல்லாம் யாருங்க படிக்கறாங்க?

எப்படியோ அடுத்த சுத்துக்குப் போயிட்டோம். எதிர் டீம் வண்டியில பேட்டரி கழண்டு விழுந்து நின்னு போச்சு. ஜெயிச்சது ஜெயிச்சதுதானுங்களே.

அதுக்கப்புறம் காலேஜ்ல இன்ஸ்பெக்சன் வந்துச்சு. நான் பைலும் கையுமா அலைஞ்சுட்டு, ரோபோ பக்கம் போகவே முடியலை. திரும்பி வந்து பாத்தா, ஒர்க்‌ஷாப்புல ரிஸ்வானா வீட்டுக் கார்ப்பெட்டு ஒண்ணு விரிச்சுக் கிடக்குது. பீமன் அதுமேல நிக்கறான். விரல வச்சு லேசாத் தொட்டேன். முன்னால சாஞ்சான். விட்டேன், பின்னால சாஞ்சான். குனிஞ்சு அடியில பாத்தேன். நடுச் சக்கரம் மாட்டற ஓட்டைக்குக் கீழ புதுசா ஒரு ஓட்டை போட்டு, அதுல இறக்கி மாட்டியிருக்காங்க. என் மட்டம், முடி நுழையாத மட்டம், போச்சு.

"சார், பாருங்க சார்"னு ரிஸ்வானா ஓட்டிக் காட்டினா. திரும்புனான்தான். இல்லைன்னு சொல்லலை. கார்ப்பெட்டு மேலயே சட்டுன்னு திரும்புனான். ஆனா ஆடறானே! நாளைக்கு மத்த காலேஜ்காரங்க பாத்தா என்ன சொல்லுவாங்க? இந்தச் சென்னியப்பன் டிபார்ட்மென்ட்ல இருந்து வந்த வண்டி குடிகாரன் மாதிரி ஆடுதுன்னு சொல்ல மாட்டாங்க? ஞாயித்துக்கிழமை காலேஜ்ல யாருமில்லாதப்ப போயி, நடுச் சக்கரத்தைப் பழையபடி மேல் ஓட்டைக்கே மாத்திட்டு வந்தேன்.

சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? யார்கிட்டச் சொல்றது? துறைத் தலைவன் தன் துறையில ஒரு போல்ட்டத் தள்ளிப் போடறதுக்கு, ஒயர் சுத்தறவங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?

மறுநாளே ரெண்டாவது சுத்து, சேலத்துல. வேனை விட்டு எறக்கினதும் நேராக் களத்துல வைக்கச் சொல்லிட்டாங்க, பாத்துக்க நேரமில்லை. ரிஸ்வானா ரிமோட்டப் பிடிச்சுக்கிட்டு, நல்ல தெம்பாத்தான் நின்னா. நேராப் போனான். கம்பத்துக்கிட்டப் போனதும் அவ திருப்பினா. துள்ளினான். அந்தப் புள்ளை இன்னும் அழுத்தித் திருப்பினா. வண்டி அப்படியே நடுங்குது. அப்புறம் ஒரு மாதிரிக் கருகின வாடை, கொஞ்சமாப் புகை. நின்னு போச்சு. ஒரு மோட்டார் போச்சுங்க.

"வெள்ளிக்கிழமை நல்லாத் திரும்புச்சே மேடம், நான்தான் ரொம்ப அழுத்திட்டேன், நான்தான் கருக்கிட்டேன்"னு அந்தப் புள்ளை அழுகுது. அத்தனை பேர் முன்னாடி. பூங்கோதை மண்டி போட்டு உக்காந்து, வண்டிக்கு அடியில கைய விட்டா. தடவிப் பாத்தா. அப்புறம் நிமிந்து என்னைப் பாத்தா.

அவ்வளவுதான். பாத்தா.

பிரின்சிபாலும் வந்திருந்தார். "என்னாச்சு மேடம்? சக்கரத்துல ஏதோ மாத்தினதா சொன்னீங்களே?"ன்னார். "டீம் முடிவு சார். என் பொறுப்புதான்"னுட்டா. கவனிச்சீங்களா? என் பொறுப்புன்னு அவளே சொல்றா. நான் குறுக்க பேசலை. பெண்சாதிய நாலு பேர் முன்னாடி திருத்தறது நல்லா இருக்காதுல்ல.

தோத்த டீமுக்கெல்லாம் மதியத்துக்கு மேல ஒரு ஆறுதல் சுத்து வச்சிருந்தாங்க. அதுல முதலா வந்தா இறுதிச் சுத்துக்குப் போலாம். நான் சட்டைக் கைய மடிச்சுவிட்டுக்கிட்டு மேசைக்குப் போனேன். பூங்கோதை ஸ்பானரை எடுத்து என்கிட்டக் குடுப்பான்னு பாத்தா, "சார், நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க"ங்கறா. மெதுவாத்தான் சொன்னா. எனக்கென்னமோ டீ குடிக்கறதுதான் நல்லதுன்னு பட்டுச்சு.

டீ குடிச்சேன். இன்னொரு டீ குடிச்சேன். போண்டா சாப்பிட்டேன். திரும்பி வந்து தூணுக்குப் பக்கத்துல நின்னு பாத்தா, என்ன பண்ணிட்டிருக்காங்கன்னு நெனக்கறீங்க? வேற மோட்டார மாட்டி, நடுச் சக்கரத்தை மறுபடி கீழ எறக்கியாச்சு. அதோட விடலை. முன்சக்கரம் பின்சக்கரம் நாலுக்கும், நான் ஊரெல்லாம் தேடி வாங்கின டயருக்கு மேல, ஒயருக்குச் சுத்தற பிளாஸ்டிக் டேப்பச் சுத்தறாங்க! வழுக்கறதுக்காம்! பிடிக்கணும்னு டயர் வாங்குவாங்களாம், பிடிக்கக் கூடாதுன்னு டேப் சுத்துவாங்களாம். டேப்பச் சுத்தறது யாரு? என் சம்சாரம். தரையில சப்பணம் போட்டு உக்காந்துக்கிட்டு, முழங்கை வரைக்கும் கிரீஸ், பல்லுல டேப்பக் கடிச்சு அறுத்துக்கிட்டு. ரிஸ்வானா என்னமோ சொல்றா, இவ சிரிக்கறா. கல்யாணமான புதுசுல அப்படிச் சிரிப்பாளுங்க. எங்க வீட்டுல அந்தச் சிரிப்பைப் பாத்து ரொம்ப வருசமாச்சு. அதென்னமோ, கிரீஸ் வாடையில அவளுக்குச் சிரிப்பு வருது போல. நான் தூணை விட்டு வெளிய வரலை.

ஆட்டத்தைச் சொல்லணுமா? திரும்புனான். கம்பத்தைச் சுத்தி, பந்தை எடுத்து, சுத்தி, கூடையில போட்டு, மறுபடி சுத்தி. எதிர் வண்டி இடிக்க வர்றப்ப இவன் சட்டுன்னு திரும்பிக்கறான், அது போயிச் செவுத்துல முட்டுது. ஜனம் கத்துது. எனக்கும் கை தட்டணும் போலத்தான் இருந்துச்சு. கையில டீ கப்பு இருந்துச்சு, அதனால தட்டலை. காலிக் கப்புத்தான். இருந்தாலும் எங்க வைக்கறது?

ஜெயிச்சாச்சு. ஊருக்கு வந்ததும் எங்க கரஸ்பாண்டென்ட் அய்யா என்னைக் கூப்பிட்டுச் சால்வை போத்தினார். "சக்கரத்துல என்னமோ மாத்தினீங்களாமே, பிரமாதம்"னார். "ஆமாங்கய்யா"ன்னேன். பொய்யா? சொல்லுங்க. மாத்தினேன்தானுங்களே? பூங்கோதை பக்கத்துலதான் நின்னா. சால்வை தோள்ல இருந்து நழுவுச்சு, அவதான் எடுத்துச் சரியாப் போட்டு விட்டா.

அதுல இருந்து அவ ஒண்ணுமே சொல்றதில்லீங்க. சண்டை போட்டா நாம பதிலுக்கு நாலு சொல்லலாம். இவ போடறதே இல்லை. சாப்பாடு மேசையில இருக்கும். துணி மடிச்சிருக்கும். நான் ரோபோ பேச்சை எடுத்தா, "சரிங்க சார்"ங்கறா. வீட்டுலங்க! நம்ம வீட்டுலயே நம்மள சார்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்? வாடகைக்குக் குடியிருக்கற மாதிரி இருக்குது.

முந்தாநாள் மட்டும் வாயத் தொறந்தா. "அந்தப் புள்ளை இன்னும் தன்னாலதான் மோட்டார் கருகுச்சுன்னு நெனச்சுட்டிருக்கா. ஒர்க்‌ஷாப்புல வண்டியத் திருப்பவே பயப்படறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா என்ன?"ன்னா. நான் என்னத்தைங்க சொல்றது? கார்ப்பெட்டு அப்படி இருந்தா யார் என்ன பண்ண முடியும்? "நீயே சொல்லிடு"ன்னேன். "நான் சொல்ல மாட்டேன்"னுட்டு லைட்ட அணைச்சுட்டா. மறுநாள் கேட்டா, வேன்ல எடமில்லையாம்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு பூங்கோதை... இல்ல இல்ல, வீட்டுலதான்... ஹாரன் சத்தமா? அது டிவி... சரி, பஸ்லதான் வர்றேன். சும்மா வர்றேன். ஏன், வரக் கூடாதா?... என்ன?... ரிமோட்டத் தொட மாட்டேங்கறாளா? அதெப்படி, இப்ப போயி? வேற யாரும் ஓட்டிப் பழகலையே... நான் என்ன பேசறது? வேண்டாம், அவகிட்டக் குடுக்காத. பூங்கோதை... ஏய்...

ஆங், ரிஸ்வானா. சொல்லும்மா... அழுகாதம்மா. இங்க பாரு, பஸ்ல இருக்கேன், சரியாக் கேக்கலை... அது கருகினது நீ அழுத்தினதால இல்லம்மா. வந்து... அது கார்ப்பெட்டு... இல்ல, கார்ப்பெட்டும் இல்ல. இதக் கேளு. நடுச் சக்கரத்தை நீங்க கீழ் ஓட்டையிலதான மாட்டினீங்க? சேலத்துல எந்த ஓட்டையில இருந்துச்சு?... கவனிக்கலையா? மேலம்மா, மேடம்தான் மறுபடி எறக்கினாங்க. போல்ட்டு தானா ஓட்டை மாறுமா? மாறாதுல்ல? யாரோ மாத்தியிருக்காங்க. யாரோன்னா... ஞாயித்துக்கிழமை சாவி வச்சிருக்கற யாரோ. அந்த ஆளு நல்லதுன்னு நெனச்சுப் பண்ணியிருப்பான். தப்பாப் போச்சு. நீ ஒண்ணும் பண்ணலை. புரியுதா? உன் கையில ஒரு கோளாறும் இல்லை. நீ ஓட்டும்மா. நீதான் ஓட்டணும்... ம்... ம்... சரி. மேடம்கிட்டக் குடு.

...

ம்... சரி... சரி.

வச்சுட்டா.

பாத்தீங்கல்ல? நான் பேசினதும் ஒத்துக்கிட்டா. என்னதான் எடமில்லை அது இதுன்னாலும், கடைசியில நான் பேசினாத்தான் நடக்குது. என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? யாரோன்னுதானுங்களே சொன்னேன்.

அந்தப் புள்ளையா? யாருன்னு கேக்கலீங்க. "சீக்கிரம் வாங்க சார், நான் ஓட்டறதைப் பாக்க நீங்க இருக்கணும்"னுச்சு. தண்ணி கொஞ்சம் குடுங்க. இந்த ஏசி இல்லாத பஸ்ல ஒரே புழுக்கமுங்க.

வீட்டுக்காரம்மா என்ன சொன்னாளா? மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பொட்டலம் சேத்து வாங்கி வைக்கறாளாம். தயிர் சாதமுங்க. எனக்குத் தயிர் சாதம் ஆகாதுன்னு கல்யாணத்தன்னைக்கே சொல்லியிருக்கேன். தெரிஞ்சே வாங்குவா.

சாப்பிடுவேன், சாப்பிடுவேன். ஏனுங்க கண்டக்டர், வண்டி கொஞ்சம் வேகமாப் போகாதுங்களா?